ஆணியின் கடைசி வரி

பதினான்கு வருஷம் அந்த அக்காவை நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பார்த்தேன். நான் ஒலிப்பதிவாளன், அவர் மைக்குக்கு முன்னால். எங்கள் விண்வெளி ஒலித்தொடரில் ஒரு கேப்டன் ஓட்டைக் கப்பலை வைத்துக்கொண்டு கிரகம் கிரகமாக அலைவார். கூடவே போகும் மெக்கானிக் பெண்ணின் பெயர் ஆணி. எது கழன்றாலும் ஓடி வந்து பொருத்துவாள். பொருத்தி முடிக்கும்வரை கேப்டனைத் திட்டித் தீர்ப்பாள். கேட்பவர்களுக்குக் கேப்டனைப் பிடிக்கும். ஆணி என்றால் உயிர்.

மற்ற நாட்களில் அக்காவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஞாயிறு காலையில் ஸ்டூடியோ. ஆள் வருவதற்கு முன்னால் குரல் மாடிப்படி ஏறிவிடும்.

"தம்பி, மைக்கைத் துடைச்சியா? போன வாரம் கேப்டன் போட்ட தும்மல் இன்னும் அதுலதான் இருக்கும்."

அது ஆணி பேசுவதா, அக்கா பேசுவதா என்று எங்களுக்கே தெரியாது. எல்லோரும் ஆணியக்கா என்றுதான் கூப்பிட்டோம்.

பிறகு அவருடைய கழுத்தில் ஒரு கட்டி வந்தது. எடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டர். பக்கத்திலேயே குரலுக்கான நரம்பு ஓடுகிறது, எத்தனை கவனமாகச் செய்தாலும் சிலருக்கு அது பாதிக்கப்படும் என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அந்தச் சிலரில் அக்காவும் ஒருவர் ஆனார். கட்டி போனது. குரலும் போனது. மிஞ்சியது காற்று மட்டும். மூன்று வார்த்தைக்கு ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டும்.

இயக்குநர் எட்டு மாதம் பொறுத்தார். ஆணியைக் கப்பலின் குளிர் அறையில் தூங்க வைத்துக் கதையை ஓட்டினார். 'அவ எப்போ எழுந்திருப்பா?' என்று வாராவாரம் கடிதம் வந்தது. பயிற்சி, மருந்து என்று எல்லாம் செய்து பார்த்தும் குரல் திரும்பவில்லை. தொடரை வெளியிடும் நிறுவனம் ஆணியைக் கதையிலிருந்து ஒரேயடியாக இறக்கிவிடச் சொல்லிவிட்டது.

"கிரகத்துக் காத்து அவ நெஞ்சைக் கெடுத்துடுச்சுன்னு வச்சிருக்கேன்மா," என்றார் இயக்குநர். "இப்ப இருக்கிற குரலே போதும். பன்னிரண்டு வரிதான். நீங்களே வந்து முடிச்சுக் குடுங்க."

அக்கா வந்தார். படியில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தபோது என் பின்னால் நின்றிருந்தார். மைக்கை உதட்டுக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். ஹெட்போனில் வார்த்தையைவிட மூச்சுதான் அதிகம் கேட்டது. பதினோரு வரி எப்படியோ ஒப்பேறியது. பன்னிரண்டாவது, 'நான் போறேன் கேப்டன்.'

அக்கா, "போயிட்டு வரேன் கேப்டன்," என்றார்.

"வரமாட்டாம்மா," என்றார் இயக்குநர். "அப்படிச் சொன்னா கேக்கறவங்க காத்துட்டே இருப்பாங்க. போறேன்னே சொல்லிடுங்க."

"வீட்டை விட்டுக் கிளம்பறப்ப… யாரு சார்… போறேன்னு சொல்லுவாங்க?"

இயக்குநர் மறுபடி எடுக்கச் சொன்னார். ஆறு தடவை அக்காவுக்கு வாய் தவறியது. வேண்டுமென்றே தவறியதா என்று எனக்குத் தெரியாது. ஏழாவது தடவை சொல்லிவிட்டார். கேப்டனாக நடிப்பவர் எழுந்து வெளியே போனார். அக்கா பேப்பரை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்குக் கையை மட்டும் அசைத்துவிட்டு இறங்கினார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. நிறுவனத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் போய்க்கொண்டே கேட்பவர்களுக்கு ஒரு எழுத்தும் புரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மிமிக்ரி செய்யும் ஒரு கல்லூரிப் பெண்ணை வரவழைத்தார்கள். அக்காவின் பதிவைக் கேட்டு, அதே காற்றுக் குரலில், ஆனால் எழுத்துக்கு எழுத்து தெளிவாக, ஒரே மணி நேரத்தில் பேசிக் கொடுத்துவிட்டாள். அக்காவின் குரலை எடுத்துவிட்டு இதை ஒட்டியது என் கைதான். அவரிடம் யார் சொல்வது என்று இயக்குநர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இரண்டு பேரும் சொல்லவில்லை.

பகுதி வெளியானதற்கு அடுத்த ஞாயிறு அக்கா ஸ்டூடியோவுக்கு வந்தார். நான் மட்டும்தான் இருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"இவர் பக்கத்துல… உக்காந்து கேட்டாரு தம்பி," என்றார். இவர் என்றால் கணவர். "அழுதுட்டாரு. 'உன் குரலை… எவ்வளவு அழகா… சரி பண்ணியிருக்காங்க… பழைய மாதிரியே இருக்கு'ன்னாரு."

"நீங்க சொல்லலையாக்கா?"

இல்லை என்று தலையாட்டினார். "இருபத்தாறு வருஷம்… ஒரே வீட்ல. அவருக்கே தெரியல."

அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஏதாவது சொல்ல வந்திருக்கும். அந்த ஏழு பதிவும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன் என்றேன்.

"அழிச்சிடு."

"அக்கா, இருந்துட்டுப் போகட்டுமே."

"அழிச்சிடுப்பா."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். திரை காலியாகும்வரை நின்று பார்த்தார்.

போன மாதம் என் கண்ணாடியின் கால் உடைந்து அந்தக் கடைக்குப் போனேன். முன்னால் வேறு பெண் இருந்தாள். அக்காவை உள்ளறைக்கு மாற்றிவிட்டார்களாம். அங்கே லென்ஸ் தேய்க்கும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை. அக்கா வேலை முடிந்து வெளியே வந்தபோது கணவர் அழைத்துப்போக வந்திருந்தார். நல்ல மனிதர். "எப்படி இருக்கீங்கக்கா?" என்று நான் கேட்டதற்கு, "நல்லா இருக்கா தம்பி, நல்லா சாப்பிடறா, நல்லா தூங்கறா," என்று அவரே பதில் சொன்னார். அக்கா வாயைத் திறக்கக்கூட முயலவில்லை. அவர் சொல்வது வேறு யாரைப் பற்றியோ என்பதுபோல, என் தோளுக்கு மேலாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.