சிவப்பா, கறுப்பா?

என் கணவருக்குச் செருப்பைக் கழற்றும் வேகத்தில் யோசிக்கவும் தெரிந்திருந்தால், அன்று பாதி அவதி மிச்சமாகியிருக்கும்.

மே மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். செகந்திராபாத் பக்கம் தோட்டம் வைத்த ஒரு வீட்டில் கீழ்ப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தோம். அவருக்குப் பேகம்பேட்டில் சாஃப்ட்வேர் வேலை. வாரமெல்லாம் கம்ப்யூட்டரைப் பார்க்கிற மனுஷர், கத்தரி நடுகிறேன் பேர்வழி என்று தோட்டத்தில் இறங்கினார். வீட்டுச் சொந்தக்காரர் தளம் போட்டு மிஞ்சிய ஷாபாத் கற்கள் மதிலோரம் அடுக்கியிருந்தன. இவர் ஒரு கல்லைப் புரட்ட, எங்கள் நாலு வயது மகள் அதன் அடியில் கையை விட்டாள். வீல் என்று ஓர் அலறல்.

ஓடியது ஒரு தேள். என் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. அவர் செருப்பால் ஒரே போடு போட்டார். அதோடு விட்டாரா? பெரிய சுத்தக்காரராயிற்றே! ஹோஸைத் திருப்பி அதைச் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தார்.

"குட்டிதான், பயப்படாதே. நம்ம ஊர்ல உள்ளங்கை அகலத்துக்குக் கன்னங்கரேல்னு இருக்கும். அது கொட்டினாலே ஒருநாள் கடுக்கும், அவ்வளவுதான்."

நானும் கும்பகோணத்துக்காரிதான். பெரிசுக்கு விஷம் ஜாஸ்தி, சிறிசுக்குக் கம்மி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் ஓடியது கறுப்பாக இல்லை. செங்கல் நிறத்தில் இருந்தது.

"சிவப்பா இருந்துச்சுங்க."

"வெயில்ல அப்படித்தான் தெரியும். கறுப்புதான்."

"ஏன், என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

நாங்கள் இப்படி மல்லுக்கு நிற்கும்போதே குழந்தை வாந்தி எடுத்தாள். நெற்றியில் வியர்வை கொட்டியது, சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. அந்த வெயிலில் குழந்தையின் கை எப்படி ஜில்லிடும்?

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடிக்க அவர் தெருவுக்கு ஓடினார். நான் மட்டும் நின்றேன். என்ன கொட்டியது என்று டாக்டர் கேட்டால் ஆளுக்கொரு நிறம் சொல்லப்போகிறோம். செத்ததைத்தான் புண்ணியவான் கழுவிவிட்டாரே. அடுக்களையிலிருந்து இடுக்கியையும் காலி ஊறுகாய் பாட்டிலையும் எடுத்துவந்து அடுத்த கல்லைப் புரட்டினேன். ஒன்றுமில்லை. இன்னொரு கல். ஒரு பூரான் ஓடியது.

"என்னடி பண்றே அங்க? வா!" என்று வாசலில் கத்தினார்.

மூன்றாவது கல்லடியில் இருந்தது. அதே அளவு, அதே செங்கல் நிறம். கொடுக்கை முதுகுக்கு மேல் வளைத்துக்கொண்டு நின்றது. எப்படியோ கவ்விப் பாட்டிலில் போட்டு மூடினேன். செருப்பு மாட்டக்கூட நினைவில்லாமல் ஓடினேன்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் என் மடியைப் பார்த்தார். "அம்மா, டக்கன் டைட் ஹை நா?" என்றார். மூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் குழந்தையின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தார், நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். பிறகு எங்களிடம், சிவப்பா கறுப்பா என்றார்.

"கறுப்பு" என்று அவரும் "சிவப்பு" என்று நானும் ஒரே மூச்சில் சொன்னோம். பாட்டிலை மேசையில் வைத்தேன்.

"இதுதான் கொட்டியதா?"

"இல்லை, அதன் சொந்தக்காரன். அதே கல்லடுக்கில் பிடித்தேன்."

டாக்டர் பாட்டிலை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கினார். முன்கைகள் மெல்லிசு, வால் தடிமன், உடம்பு சிவப்பு. பார்க்கத்தான் சிறிசு, குழந்தைகளுக்கு இதுதான் ஆபத்து, இருதயத்தைத் தாக்கும் என்றார். பெரிய கறுப்புத் தேளில் வலிதான் அதிகமாம். நர்ஸ் மாத்திரை கொடுத்தாள். கைகால் சூடாக வேண்டும், அதுவரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர்.

என் கணவர் முகத்தில் ஈயாடவில்லை. கட்டிலின் கால்மாட்டில் ஆளுக்கொரு பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். மகமாயி, இவளை விட்டுடு, இவளை மட்டும் விட்டுடு என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே இருட்டிவிட்டது.

உள்ளங்கையில் லேசாக ஒரு சூடு தெரிந்தது.

"என் பக்கமும்" என்றார் அவர்.

எனக்குத் திக்கென்றது. "கையை எடுங்க."

"ஏன்?"

"இவ்வளவு நேரம் தேய்ச்சிருக்கோம். நம்ம கைச்சூடா இருந்தா?"

எடுத்தார். நானும் எடுத்தேன். இரண்டு சின்னப் பாதங்களும் விரிப்பின் மேல் தனியாகக் கிடந்தன. தொட்டுப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியமில்லை. அவர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது.

"நீ பாரு."

"நீங்க பாருங்க."

கடைசியில் நான்தான் குனிந்தேன். கையை நம்பாமல் அவள் உள்ளங்காலில் கன்னத்தை வைத்தேன். சூடாக இருந்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அவர் ஓவென்று அழுத சத்தத்தில், குழந்தைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நர்ஸ் ஓடிவந்தாள்.