எங்கள் வீட்டுக்கு ஃபயர்வால் வந்தது

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. காபி டம்ளரோடு லேப்டாப்பைத் திறந்தேன். ஆபீஸ் கணக்கு திறக்கவில்லை. பாஸ்வேர்டை மறுபடி போட்டேன். ம்ஹூம்.

கொஞ்ச நேரத்தில் போன். பெங்களூரு ஆபீஸின் ஐ.டி. பிரிவிலிருந்து ஒரு பெண். ரொம்ப மரியாதையாகப் பேசினாள்.

"சார், உங்க வீட்டு இன்டர்நெட்லேர்ந்து ராத்திரி பகலா யார் யாரோட சர்வரையோ தட்டிக்கிட்டே இருக்காங்க. உங்க வீட்டு கனெக்ஷனை பிளாக் பண்ணிட்டோம்."

"நான் யாரையும் தட்டலம்மா. லுங்கி கட்டிக்கினு கணக்குப் பாத்துக்கினு இருக்கேன்."

"நீங்க இல்ல சார். உங்க வீட்டுல இருக்கிற ஏதோ ஒரு டிவைஸ். அதைச் சரி பண்ற வரைக்கும் தினமும் ஆபீஸ் வந்துடுங்க."

தினமும் ஆபீஸ்... எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் இருட்டோடு பெங்களூரு ரயில் ஏறி, நின்றுகொண்டே தூங்கப் பழகியவர்களுக்குத்தான் அந்த இரண்டு வார்த்தைகளின் கனம் தெரியும். பல வருஷம் அப்படிப் போய் வந்தவன் நான். முதுகுவலி வந்த பிறகு, டாக்டர் சீட்டைக் காட்டிக் கெஞ்சி வாங்கிய சலுகைதான் வீட்டிலிருந்து வேலை. அது ஒரே போனில் போய்விட்டது.

சரி, குற்றவாளி யார்? வீட்டில் இருப்பதே மூன்று பேர். நான், ஸ்கூல் டீச்சரான என் மனைவி மாலதி, அவளுடைய அப்பா.

மாமா, சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். அதாவது, ஆட்கள் நிற்கும் இரும்புக் கூண்டை, அந்தக் கேஜை, சுரங்கக் குழிக்குள் இறக்கி ஏற்றுகிற வேலை. சுரங்கம் மூடி இத்தனை காலம் ஆகியும் வாசல் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தரம் இழுத்துப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

"நெட்டுன்னா இன்னா மாப்ள, அதுவும் ஒரு வழிதானே? வழின்னா அங்க ஒரு ஆளு நிக்கணும். அங்க நிக்கற ஆளு பெல்லு அடிக்காம நான் கேஜை நவுத்தினதே கெடையாது" என்றார்.

மறுநாள் ரயிலில் சேகரும் கிட்டத்தட்ட அதையேதான் சொன்னார். சேகர் பங்காருபேட்டையில் ஏறுகிற பழைய ரயில் சிநேகிதர். நெட்வொர்க் வேலை பார்ப்பவர்.

"உங்க ரவுட்டரு வெளியிலேர்ந்து வர்றவனை மட்டும்தான் கேள்வி கேக்கும் சார். உள்ளேர்ந்து போறவனுக்கு சலாம் போட்டு கேட்டைத் தொறந்துவுட்டுடும். ஒரு ஃபயர்வால் போடுங்க. எது எங்க போவுதுன்னு கண்ணால பாக்கலாம். சின்னதா ஒரு மினி பிசி வாங்குங்க, போதும்."

போதும் என்று அவர் முடித்த இடத்தில்தான் என் அவஸ்தை ஆரம்பித்தது.

பரணில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கிறதே, அது ஆகாதா? "ஆவும் சார். ராத்திரி பகலா ஓடும். கரென்ட் பில்லு கட்ட நீங்க ஓவர்டைம் பாக்கணும்."

அடுத்த நாள், போனில் ஒரு மினி பிசியின் படத்தைக் காட்டினேன். கையடக்கமாக, பார்க்க அவ்வளவு அழகு. சேகர் படத்தைப் பெரிதாக்கிப் பின்பக்கத்தைப் பார்த்தார்.

"நெட்வொர்க் கேபிள் சொருகற ஓட்டை ஒண்ணுதான் கீது. வர்றதுக்கு ஒண்ணு, போறதுக்கு ஒண்ணு வேணும் சார். ஒரே வாசல்ல ஏர்றவனும் எறங்கறவனும் முட்டிக்கினா இன்னா ஆவும்னு இந்த ரயில்லயே பாக்கறீங்களே."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் முதுகில் ஒரு டிபன் கேரியர் இடித்துக்கொண்டிருந்தது.

பிறகு ஃபேன் வைத்ததா, வைக்காததா? இதில் மட்டும் நானே முடிவெடுத்தேன். காற்றடிக்கும் மாதங்களில், சுரங்கக் கழிவு மலையாகக் கிடக்கும் சயனைடு மேட்டு மண் எங்கள் சாப்பாட்டுத் தட்டு வரை வந்துவிடும். ஃபேன் வைத்த பெட்டி அதையெல்லாம் உறிஞ்சி வயிற்றில் நிரப்பிக்கொள்ளாதா? ஃபேன் வேண்டாம். சேகருக்கே தோன்றாத பாயின்ட். அன்று பூராவும் ஆபீஸில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் பிராசஸர், மெமரி, கரென்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ளுமா... போகும்போது ரெவ்யூ, வரும்போது ரெவ்யூ. ஒருவர் ஆஹா என்பதை இன்னொருவர் குப்பை என்கிறார்.

மாலதி பொறுத்துப் பார்த்தாள். "இன்னாங்க, என்னைப் பொண்ணு பாக்க வந்தப்போ காபி ஆறதுக்குள்ள சரின்னு சொல்லிட்டீங்க. இதுக்கு இவ்ளோ யோசனையா?"

அன்று சாயங்காலமே ஆர்டர் போட்டேன்.

பெட்டி வந்தது. சூடு வெளியேற, மேலெல்லாம் வரி வரியாக அலுமினியம். மாமா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு இட்லி வெச்சா மூடி மூடாது போலக்குது. இதுவா மாப்ள காவல் காக்கப் போவுது?"

ஞாயிற்றுக்கிழமை காலை, சேகர் போனில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாக மாட்டினேன். கடைசி கேபிளைச் சொருகியதும் ஹாலிலிருந்து குரல்.

"மாப்ள, படம் நின்னுபோச்சு. ஜட்ஜு தீர்ப்பு சொல்ல வாயைத் தொறந்தாரு. தொறந்தது தொறந்தபடியே கீது."

வர வேண்டியதைப் போக வேண்டியதிலும், போக வேண்டியதை வர வேண்டியதிலும் சொருகியிருந்தேன். மாற்றிச் சொருகினேன். ஜட்ஜ் வாயை மூடினார். கதாநாயகன் விடுதலை. மாமா திருப்தியாக டிவியை அணைத்துவிட்டு வந்து, என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

லேப்டாப் திரையில் ஃபயர்வாலின் கணக்கு ஓட ஆரம்பித்தது. வீட்டில் எந்தக் கருவி எங்கே பேசுகிறது என்று வரிவரியாக. அதில் ஒன்று மட்டும் ஓயவே இல்லை. ஊர் பேர் தெரியாத இடங்களோடு சளசளவென்று பேசிக்கொண்டே இருந்தது. தன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ எழுத்தும் நம்பருமாக வைத்திருந்தது.

"உன் போனைக் கொஞ்சம் ஆஃப் பண்ணு" என்றேன் மாலதியிடம்.

"என் போனையா சந்தேகப்படறீங்க?"

பண்ணினாள். பேச்சு நிற்கவில்லை. என் போன், மாமாவின் போன், பிரின்டர் — எல்லாம் அணைந்தன. நிற்கவில்லை.

"எவன்டா அவன்?" என்று மாமா எழுந்தே விட்டார்.

என் பார்வை டிவிக்குக் கீழே போனது. மாலதியின் பார்வையும். அங்கே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. சந்தா கட்டாமலே எல்லா சேனலும் வரும் என்று ராபர்ட்சன்பேட்டை பஜாரில் மாமா வாங்கி வந்தது. வருகிற போகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகக் காட்டுவார்.

நீ சொல் என்று நான் கண்ணைக் காட்டினேன். நீங்கள் சொல்லுங்கள் என்று அவள் காட்டினாள். அவள்தான் ஜெயித்தாள்.

"மாமா... அந்த டிவி பொட்டியை ஒரு நிமிஷம் புடுங்கிப் பாக்கலாமா?"

"அத்த எதுக்கு? அது பாட்டுக்கு படம் காட்டிக்கினு கீது."

"டிவி ஆஃப்ல இருக்குது மாமா. பொட்டி மட்டும் பேசிக்கினு இருக்குது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு அவரே போய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கினார். பேச்சு நின்றது. சொருகினார். ஆரம்பித்தது. மறுபடி பிடுங்கினார். வயரைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"உள்ள கூப்ட்டு உக்கார வெச்சதே நான்தானா?" என்றார் மெதுவாக.

எனக்குக் கஷ்டமாகிவிட்டது. சில பெட்டிகள் இப்படித்தான், நமக்குப் படம் காட்டிக்கொண்டே நம் இன்டர்நெட்டை யாரோ முன்பின் தெரியாதவனுக்கு வாடகைக்கு விட்டுவிடும் என்று சேகர் போனிலேயே அவருக்கு விளக்கினார். மாமா சமாதானமாகவில்லை. மறுநாளே பெட்டியை ஒரு பையில் போட்டுக்கொண்டு பஜாருக்குப் போனார். சாயங்காலம் வந்து சொன்னார்.

"எல்லாருக்கும் இதேதான் பெரியவரே குடுத்தேன், யாரும் ஒண்ணும் சொல்லலியேன்னான் கடைக்காரன்."

"நீங்க என்ன சொன்னீங்க மாமா?"

"அவங்க வூட்ல ஃபயர்வால் இல்லன்னேன்."

மாலதிக்குத்தான் ஒரு சந்தேகம் பாக்கி. "அந்தப் பொட்டியைப் புடுங்கினாப் போதும்னா, இந்தப் பொட்டி எதுக்குங்க?"

நியாயமான கேள்வி. எந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுவது என்று கண்டுபிடிக்கவே இன்னொரு பெட்டி வாங்க வேண்டியிருக்கிறது. திருடன் சுவர் ஏறிக் குதிப்பான் என்றுதான் நாம் வாசலைப் பூட்டுகிறோம். இலவசம் என்று சொல்லிக்கொண்டு வருகிறவனுக்கோ, நாமே கதவைத் திறந்து, ஹாலில் டிவிக்குக் கீழே இடமும் ஒதுக்குகிறோம். இல்லையா?

இப்போது எங்கள் வீட்டில் வைஃபை பாஸ்வேர்ட் மாமாவின் பொறுப்பு. யார் கேட்டாலும், "எதுக்கு? எவ்ளோ நேரம்?" என்பார். போன வாரம் வந்த என் தம்பி, தன் சொந்த டேட்டாவிலேயே கிரிக்கெட் பார்த்துவிட்டுப் போனான்.

ஆபீஸ் ஐ.டி. பெண் எல்லாம் சோதித்துவிட்டு, "உங்க வீடு இப்போ ரொம்ப க்ளீன் சார், நாளைக்கே லாகின் பண்ணலாம்" என்றாள். சந்தோஷமாகப் பையை மூடிக் கிளம்பினேன். மேனேஜர் கூப்பிட்டார்.

"நீங்க தினமும் வர ஆரம்பிச்சதுலேர்ந்து டீம்ல ஒரு உற்சாகம் தெரியுது சார். அப்படியே கன்டினியூ பண்ணிடுங்களேன்."

முதுகுவலியைச் சொன்னேன். நல்ல நாற்காலியாக ஒன்று வாங்கித் தருகிறாராம்.

இந்தப் பத்தியை ரயிலில் நின்றபடி போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இன்டர்நெட் இப்போது பிரமாதமாக வேலை செய்கிறதாம்... மாமா சொன்னார்.