நவரட்ணத்தின் நான்கு நகங்கள்

குவீன் வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீட்காரின் கடைசி இருக்கையில், கிற்றாரை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திவைத்துவிட்டு, நவரட்ணம் நகம் அராவிக்கொண்டிருக்கிறார். வலது கைக்கு மட்டுந்தான் இந்த உபசாரம். பெருவிரலில் தொடங்கி மோதிரவிரலோடு முடித்துக்கொள்வார். சின்னவிரலுக்கு அந்த மரியாதை கிடையாது. அராவிய நகத்தைக் கன்னத்தில் உரசிப் பார்த்து, திருப்தி இல்லாவிட்டால் மறுபடியும் அராவுவார். எதிரே இருக்கும் பெண்கள் முதலில் அவரைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் நகங்களைப் பார்ப்பார்கள். அவருடைய இடது கை நகங்களோ ஒட்ட வெட்டியவை. இரண்டு கைகளும் ஒரே ஆளுடையவை என்று சொன்னால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

ரொறன்ரோவுக்கு வந்த நம்மவர்கள் வேலை தேடும்போது சம்பளத்தைப் பார்ப்பார்கள், தூரத்தைப் பார்ப்பார்கள். நவரட்ணம் நகத்தைப் பார்த்தார். கோப்பை கழுவும் வேலை வந்தது. "தண்ணியிலை ஊறினால் நகம் அப்பளம் மாதிரிப் போயிடும்" என்று விட்டுவிட்டார். பெட்டி அடுக்கும் வேலையை வாசலிலேயே வேண்டாம் என்றார். கடைசியில் நகருக்குள் ஒரு நிலக்கீழ் கார் தரிப்பிடத்தில், கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து டிக்கெற் கொடுக்கும் வேலை அமைந்தது. அதையும் இடது கையால்தான் நீட்டுவார். காரில் வருகிறவர் தமிழர் என்றால் முகம் சுளிப்பார்.

"அண்ணை, சோத்துக்கையாலை தாங்கோவன்."

"சோத்துக்கைக்கு வேறை வேலை இருக்குத் தம்பி" என்பார் நவரட்ணம், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அந்த வேறு வேலை செவ்வாய்க்கிழமை மாலைகளில், பார்க்டேலில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் நடக்கிறது. பெயரில்லாத ஒரு சங்கம். பத்துப் பேர் வந்தால் பெரிய கூட்டம். எல்லோரும் விரல்நகத்தால் கிற்றார் மீட்டுகிறவர்கள். பாடக்கூடாது, ஒலிபெருக்கி கூடாது, தந்தியைத் தட்டும் பிளாஸ்ரிக் துண்டு அறவே கூடாது. ஸ்ரீட்கார் ஓட்டி ஓய்வுபெற்ற கோர்டன் என்ற கிழவர்தான் தலைவர், காவலாளி, தேநீர் போடுகிறவர் எல்லாம். நானும் போவதுண்டு. கிற்றாரைச் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் எனக்கு வீட்டுக்குப் போகும் நேரம் வந்துவிடும் என்பதால் அங்கே என்னால் யாருக்கும் தொந்தரவில்லை.

ஊரில் நவரட்ணம் கிற்றாரைத் தொட்டதுகூட இல்லை. இங்கே வந்த புதிதில், சுரங்க ரயில் நிலையத்தில் ஒருவன் வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டு நின்றாராம். அடியில் தாளம் ஒரு பக்கம் போக, மேலே மெட்டு ஒரு பக்கம் போயிருக்கிறது. மற்ற ஆள் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தூணுக்குப் பின்னால் போய்ப் பார்த்தாராம். ஒருவருமில்லை. "பெருவிரல் மிருதங்கம், மற்ற விரலெல்லாம் வீணை. ஒரு கச்சேரியே ஒரு கையுக்கை கிடக்கு" என்று இன்றைக்கும் அந்த அதிசயம் குறையாமல் சொல்வார்.

நகங்களைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த தந்திரங்களுக்கு அளவில்லை. யாராவது கைகுலுக்க வந்தால் உடனே கும்பிட்டுவிடுவார். அது எங்கள் பண்பாடு என்று நினைத்துக்கொண்டு கோர்டனும் கும்பிடப் பழகிவிட்டார். இப்போது சங்கமே கோயில் வாசல்போல் கும்பிட்டுக்கொள்கிறது. நவரட்ணம் வீட்டில் பொரித்த, கையால் எடுத்துக் கடிக்கிற மட்டன் ரோல்ஸ் கொண்டுவருவார். ஆனால் எண்ணெய் நகத்தில் படக்கூடாது என்று முள்ளுக்கரண்டியால் குத்தித்தான் சாப்பிடுவார். அதைப் பார்த்து எல்லோரும் அப்படியே. ரோல்ஸை முள்ளுக்கரண்டியால் சாப்பிடும் ஒரே கூட்டம் உலகத்தில் பார்க்டேலில்தான் இருக்கவேண்டும். உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்க்க நன்றாக இருந்தது.

அவரிடம் ஒரு பெரிய குறை இருந்தது. கோர்டன் கட்டிய மெட்டு ஒன்றை நான்கு வருடமாக வாசித்துவந்தார். சரியாக நடுவில் இடது சின்னவிரல் எட்டிப் பிடிக்கவேண்டிய ஓரிடம் உண்டு. அங்கே பிசகும். பிசகினால் மற்றவர்கள் சமாளித்துக்கொண்டு மேலே போவார்கள். நவரட்ணம் கையை எடுத்துவிடுவார். "பொறுங்கோ, முதல்லை இருந்து வாறன்." மறுபடி பிசகும், மறுபடி முதலில் இருந்து. அந்தச் சங்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே தமிழ் வசனம் அதுதான். கோர்டனே தடுமாறினால் "முதல்லெ இருந்த் வாரன்" என்பார்.

சென் ஜேம்ஸ் ரவுணில் நவரட்ணத்தின் அப்பார்ட்மென்றிலும் இதே கதைதான். பக்கத்து வீட்டார் சுவரில் தட்டுவதால் குளியலறையைப் பூட்டிக்கொண்டு பழகுவார். அவருடைய மனைவி யோகராணி ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவர். மாலை வேலை என்பதால் சங்கத்தின் பக்கம் வந்ததே இல்லை. பகலில் கதவுக்கு வெளியே கேட்ட பாதி மெட்டுத்தான் அவருக்குத் தெரியும். ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இஞ்சாருங்கோ, உந்தப் பாட்டுக்கு முடிவெண்டு ஒண்டு இருக்கோ?"

நவரட்ணத்துக்குச் சுருக்கென்றது. டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய செவ்வாய்க்கிழமை சங்கத்தில் வீட்டாரையும் கூட்டிவருவது வழக்கம். அந்த வருடம் தொழிற்சாலை நேரத்தோடு விடுமுறை விட்டிருந்தது. "நீர் வாரும் யோகா. இந்தமுறை முழுக்க வாசிச்சுக் காட்டுறன்" என்று வாக்குக் கொடுத்தார். பிறகு எங்கள் எல்லோரிடமும் அதைச் சொல்லிப் பயந்தார்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தது வினை. யோகராணியின் தமையன் இரத்தினவேல் மார்க்கம் என்ற பக்கத்து நகரில் புதுவீடு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை விருந்து வைத்தார். நவரட்ணம் வழக்கம்போல் கரண்டியை எடுத்தார். கனடாவுக்கு வந்தபின் அவருக்குக் கரண்டி கேட்கிறது என்று சொந்தத்துக்குள் ஏற்கெனவே கதை இருந்தது. சபையில் வைத்து இரத்தினவேல் கேட்டார்.

"என்ன மச்சான், எங்கட வீட்டுச் சோறு கையாலை தொடக்கூடாத சோறோ?"

இருபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, கிற்றாருக்கு நகம் வளர்க்கிறேன் என்று ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? கரண்டியை வைத்தார். கையை விட்டுக் குழைத்தார். கறியோ நண்டு. பெரிய கால் ஒன்றை அவர் உடைக்கப்போக, நண்டுக் காலோடு சுட்டுவிரல் நகமும் சேர்ந்து போயிற்று.

அன்று மாலை கோர்டனுக்குத் தொலைபேசி எடுத்தார். பிங்பொங் பந்தை நகம்போல் வெட்டி, வலுவான பசையால் ஒட்டலாம் என்றார் கிழவர். அவரே அப்படி ஒட்டியவராம். பந்து வாங்கி வந்தாயிற்று. வெட்டியது யோகராணி. "எத்தினை சேட்டுக் கொலர் வெட்டியிருப்பன், புருசனுக்கு நகம் வெட்டி ஒட்டுறது இதுதான் முதல்தரம்" என்று சொல்லிக்கொண்டே, வளைவு சரியாக வரும்வரை மூன்று பந்துகளை முடித்தார்.

செவ்வாய் மாலை, வெளியே நல்ல பனி. யோகராணி பின்வரிசையில் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நவரட்ணத்தின் முறை வந்தது. கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். எங்களுக்கு மனப்பாடமான முதல் பாதி நன்றாகவே போனது. அந்தப் பொல்லாத இடம் வந்தபோது கோர்டன் கண்ணை மூடிக்கொண்டார். சின்னவிரல் எட்டியது, பிடித்தது, தாண்டியது. நான் மூச்சை விட்டேன். அடுத்த நொடியே பிங்பொங் நகம் கழன்று பறந்து, முன்வரிசைக் கதிரைகளுக்குக் கீழே எங்கேயோ விழுந்தது.

நவரட்ணம் கையை எடுத்துவிட்டார். கோர்டன் உதவி செய்கிற நல்லெண்ணத்தில், "முதல்லெ இருந்த் வாரன்?" என்றார்.

பின்வரிசையிலிருந்து யோகராணியின் குரல் வந்தது. "முதல்லை இருந்து வேண்டாம். அது எனக்குப் பாடம். மிச்சத்தை வாசியுங்கோ."

"நகம் போயிட்டுது யோகா."

"விரல் இருக்குத்தானே."

விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார். நகமில்லாத விரல் தொட்ட தந்தி மட்டும் தலையணைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்டது. இரண்டு இடத்தில் பிசகியது, நிற்கவில்லை. கடைசியில் மெட்டு மெல்ல மெல்ல வேகம் குறைந்து, பெருவிரல் மட்டும் அடித்தந்தியை ஒருமுறை தொட, கோர்டன் ஓட்டிய ஸ்ரீட்கார் கடைசித் தரிப்பிடத்துக்கு வந்து நிற்பதுபோல் நின்றது. அந்த மெட்டு எதைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

யோகராணி கைதட்டவில்லை. மேலங்கியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தேநீர் வேளையில் ரோல்ஸ் தட்டு மேசைக்கு வந்தது. கோர்டன் வழக்கம்போல் முள்ளுக்கரண்டி ஒன்றை மரியாதையாக நீட்டினார். நவரட்ணம் அதை வாங்கி மேசையில் வைத்தார். ஒரு ரோல்ஸைக் கையாலேயே எடுத்துக் கடித்தார். எண்ணெய் வழிந்தது, தூள் நகத்துக்குள் போயிற்று. சங்கம் முழுவதும் முள்ளுக்கரண்டியும் கையுமாக அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. அவர் யாரையும் பார்க்கவில்லை. பெருவிரலில் தொடங்கி மோதிரவிரல்வரை ஒவ்வொன்றாக நக்கித் துடைத்துவிட்டு, யோகராணி நீட்டிய இரண்டாவது ரோல்ஸையும் வலது கையால் வாங்கினார்.