எழுநூற்று அறுபது மூட்டை

முப்பிடாதியம்மாள் பம்பாய் துறைமுகத்துக்கு வெங்காயம் பொறுக்கப் போக ஆரம்பித்தது 1961-ல். அதற்கு முன் வேலைக்கென்று அவள் வெளியே போனதில்லை. கணவன் செல்லப்பாண்டி தாராவியில் தோல் பதனிடும் இடமொன்றில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்று வேலை பார்த்தவன். நாலு வருடத்தில் கால் வெந்து புண்ணாகி, அரைமணி நேரம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாமல் போயிற்று. பக்கத்துச் சந்தில் இருந்த மர்யம்தான் அவளைக் கூட்டிப் போனாள். மர்யமும் திருநெல்வேலிப் பக்கம். புருஷன் இறந்த பிறகு பதினைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு துறைமுக ஷெட்டில் மூட்டை பிரிக்கும் வேலையை எடுத்து நடத்தி வந்தாள்.

நாசிக் பக்கமிருந்து ரயிலில் வரும் வெங்காயம் இங்கே கப்பலேறிக் கொழும்புக்குப் போகும். இலங்கையில் அதற்குப் பெயரே பம்பாய் வெங்காயம். கப்பல் வரும்வரை மூட்டைகள் ஷெட்டில் கிடக்கும். கிடக்கக் கிடக்க அழுகும். பெண்கள் கோணியைப் பிரித்துக் கொட்டி, கெட்டதை எறிந்து, நல்லதைத் திரும்ப நிரப்பிக் கோணி ஊசியால் தைக்க வேண்டும். ஒரு மூட்டையை இரண்டு தடவை, மூன்று தடவை பிரிப்பதும் உண்டு. சாயங்காலம் எழுந்திருக்கும்போது முழங்கால் நிமிர மறுக்கும். முப்பிடாதிக்கு இந்த வேலையில் பிரியம் இருந்ததில்லை. ஆனால் கை பழகிவிட்டது. வெங்காயத்தின் கழுத்தைப் பெருவிரலால் ஒரு அழுத்து அழுத்தி, மூக்கருகே கொண்டு போனால் அது எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துவிடும்.

1966 ஜூன் மாதம் மழை பிடித்துக்கொண்டது. துறைமுகம் முழுவதும் கோதுமைக் கப்பல். மழையில் கோதுமையை இறக்க முடியாது. இறக்காமல் அந்தக் கப்பல் நகராது. அது நகராமல் கொழும்புக் கப்பலுக்கு இடம் கிடையாது. அது தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நின்றது. ஷெட்டில் ஆயிரத்து இருநூறு மூட்டை வெங்காயம் வேர்த்துக் கிடந்தது.

ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக்கொண்டவர் மகாதேவன். மாத்துங்காவில் குடியிருந்த பாலக்காட்டுக்காரர், ஏஜென்ட் ஆபீசில் கிளார்க். எத்தனை மூட்டை போகிறதென்று எழுதிச் சுங்கத்தில் முத்திரை வாங்க வேண்டும். காகிதத்தில் உள்ள மூட்டை ஷெட்டில் இருந்தால்தான் ஏற்ற விடுவார்கள். ஆயிரத்து இருநூறு என்று எழுதியிருந்தார், ஆயிரம்தான் தேறியது. திருத்தி எழுதி முத்திரை வாங்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் தொள்ளாயிரத்துச் சொச்சம் ஆகிவிட்டது. மறுபடி திருத்தினார். முத்திரையோடு வந்தபோது எண்ணூற்று ஐம்பதுகூட இல்லை. அன்றைக்கு அவர் நனைந்த குடையை மடக்காமலே, பெண்கள் எறிந்த அழுகல் குவியலுக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

முப்பிடாதி கையை நிறுத்தாமலே பேசினாள்.

“இன்னைக்கு இருக்கத எழுதாதிய சாமி. முத்திரை வார அன்னைக்கு எத்தன நிக்குமோ அத எழுதுங்க.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும். எழுநூத்தி அறுவது நிக்கும்.”

மகாதேவன் குடையை மடக்கிக்கொண்டே யோசித்தார். கூட்டி எழுதினால் கப்பல் கைவிட்டுப் போகும். ரொம்பக் குறைத்து எழுதினால் நல்ல மூட்டைகள் தங்கிப்போகும், சரக்குக்குச் சொந்தக்காரரான சேட் அவரைச் சும்மா விடமாட்டார். மர்யமைப் பார்த்தார். அவள் சொன்னா சரியா இருக்கும் என்று மட்டும் மர்யம் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் கப்பலுக்கு இடம் கிடைத்தது. முத்திரையும் வந்தது. எண்ணிப் பார்த்ததில் எழுநூற்று அறுபத்து நாலு மூட்டை நின்றது. நாலை ஒதுக்கிவிட்டு மற்றதை ஏற்றினார்கள். ஒதுக்கிய வெங்காயத்தைப் பெண்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். முப்பிடாதி தன் பங்கை வேண்டாமென்றுவிட்டாள்.

அதன் பிறகு மகாதேவன் ஒவ்வொரு சரக்குக்கும் அவளிடம் வந்தார். அவரைப் பார்த்து மற்ற ஆபீஸ் கிளார்க்குகளும் வந்தார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் கூடைக்கு முன்னால் நிற்பார்கள். கூலி கூடவில்லை, உட்காரும் இடமும் மாறவில்லை. தூக்கம்தான் போயிற்று. சொன்ன எண்ணிக்கை தவறிவிடக்கூடாதே என்று வீட்டிலும் அதே நினைப்பு. இவங்களுக்கெல்லாம் நீயா கப்பல் விடுதெ என்று செல்லப்பாண்டி கேட்டான். அவள் அவன் காலுக்கு எண்ணெய் தடவினாள்.

அடுத்த வருட மழையில் அவளுக்கு ஒரு வாரம் காய்ச்சல். போகாவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்று மூக்கடைப்போடு வந்து உட்கார்ந்திருந்தாள். எத்தனை நிற்கும் என்று மகாதேவன் கேட்டார். இன்றைக்கு மணம் தெரியவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கையை மட்டும் நம்பி ஐநூற்று நாற்பது என்றாள். கப்பல் வந்த அன்று நானூற்று எழுபதுதான் நின்றது. ஏற்ற விடவில்லை. கப்பல் காத்திருக்காமல் போய்விட்டது. மழை விடாமல் பெய்தது. ஒரு வாரத்தில் அந்த வெங்காயம் முழுவதையும் பெண்களே வாரிக் கொட்டினார்கள்.

அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. எந்தக் காகிதத்திலும் அவள் பெயர் இல்லை. ஆபீசில் மகாதேவனைத்தான் கேட்டார்கள். இருபது நாள் கழித்து அவர் ஷெட்டுக்கு வந்தார். பதவி உயர்வு போயிற்று என்றும், பழைய பைல்களை அடுக்கும் மேஜைக்குத் தன்னை மாற்றிவிட்டார்கள் என்றும், இனி இந்தப் பக்கம் வேலையில்லை என்றும் சொன்னார்.

“எனக்குச் சளி சாமி. மோப்பம் புடிக்கல. சொல்லியிருக்கணும்.”

“நான் கேட்டிருக்கணும்,” என்றார் மகாதேவன். “உன் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சிருக்கும். நான் பேப்பரைத்தான் பார்த்தேன்.”

அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவர் குனிந்து ஒரு வெங்காயத்தை எடுத்து, அவள் செய்வதுபோல் கழுத்தை அழுத்திப் பார்த்துவிட்டுக் கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் முப்பிடாதி தெரியாது என்றே சொன்னாள். கிளார்க்குகள் கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டு நின்றுவிட்டார்கள். ஆனால் தெரியாமல் இருக்க அவளால் முடியவில்லை. ஒவ்வொரு மூட்டையைப் பிரிக்கும்போதும் எண்ணிக்கை தானாக மனசில் வந்து நிற்கும். அதை வெளியே விடாமல் தைத்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் வேலை முடிந்து மஸ்ஜித் ஸ்டேஷனில் ரயில் ஏறியபோது அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. தாராவிக்குப் போக சயானில் இறங்க வேண்டியவள் தூங்கிவிட்டாள். குர்லாவில் கூட்டம் இறங்கும் சத்தத்தில் விழித்து இறங்கினாள். எதிர்ப்பக்கம், திரும்பிப் போகும் வண்டி தயாராக நின்றது. ஓடினால் பிடித்திருக்கலாம். ஆனால் மனசில் அப்போது எந்த எண்ணிக்கையும் இல்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வண்டியைப் போகவிட்டாள், அடுத்ததையும் போகவிட்டாள்.