மொங்கோலியாவில் ஒரு சாவு, களுவாஞ்சிக்குடியில் நான்

ஓயுனா செத்துப்போய்விட்டாள்.

இப்படிப் பட்டென்று எழுதுவது சரியா தெரியவில்லை... ஆனால் காலையில் எனக்கும் இப்படித்தான் வந்தது. அவளுடைய அக்கவுன்ட்டிலிருந்தே மெசேஜ். எழுதியது அவளுடைய தம்பி. ஊருக்குப் போகும் வழியில் வாகனம் புரண்டுவிட்டதாம். உடைந்த இங்கிலீஷில் அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

ஒரு கிழமையாக ஆளைக் காணவில்லையே என்று ஏசி ஒரு மெசேஜ் போட்டிருந்தேன். அதற்குக் கீழே இந்தப் பதில்.

உங்களில் ஒருவருக்கும் அவளைத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

எக்ஸ்சேஞ்ச் ஸ்டூடன்ட் என்று ஃபின்லாந்துக்குப் போய் ஒரு வருடம் இருந்தேனே... அங்கே என் ரூம்மேட். மொங்கோலியாக்காரி. இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், நாங்கள் இரண்டு பேர்.

நான் போட்ட பனி ஃபோட்டோக்களுக்கு எல்லோரும் லைக் போட்டீர்கள். "கொடுத்து வைத்தவள்" என்று கொமென்ட் வேறு. கொடுத்து வைத்த லட்சணம்! பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். கிளாஸ் முடிந்து வந்தால் கதைக்க ஓயுனாவை விட்டால் ஓர் ஆள் இல்லை.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஒருவரும் வந்து உட்காரமாட்டார்கள். ஜாக்கெட் ஏதும் மணக்கிறதோ என்று மோந்துகூடப் பார்த்தேன். அங்கே எல்லோருக்குமே அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

ஓயுனா பால் தேநீரில் உப்புப் போடுவாள். முதல்முறை தந்தபோது மரியாதைக்காகக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கிறது என்றேன். விட்டாளா? அதற்குப் பிறகு தினமும் காலையில் எனக்கொரு கப்! சொன்ன வாய்க்கு வேண்டும்.

எங்கள் வாவியின் வீடியோவை ஒருநாள் காட்டினேன். "இவ்வளவு வெயிலையும் தண்ணியையும் வைத்துக்கொண்டு இங்கே என்னத்துக்கு வந்தாய்?" என்று கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்த மாசியில் என் மாமா இறந்துபோனார். அம்மாவின் ஒரே தம்பி. போக வழியில்லை. வீடியோ கோலில் பந்தலைப் பார்த்தேன், வாசலில் செருப்புகளைப் பார்த்தேன்... பிறகு லைன் போய்விட்டது.

அந்த நாட்டில் மாமாவைத் தெரிந்த ஒரு சீவன் இல்லை. ஹீட்டரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"இப்படி நடந்தால் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள்?" என்று ஓயுனா கேட்டாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்கள்தான் சோறு கொண்டுவருவார்கள், துடக்கு என்கிற சாவுத் தீட்டு முடியும்வரை மீன் இறைச்சி இல்லை, கோயிலுக்கும் போவதில்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்.

கேட்டுவிட்டு எழும்பிப் போனாள். கொரிடோரின் கடைசியிலிருக்கும் பொதுக் கிச்சனில் சோறும் உருளைக்கிழங்கும் அவித்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். தன்னுடைய சொந்த ரூமின் கதவை! அயலவர் என்றால் தட்டிவிட்டுத்தானே வரவேண்டும்.

அந்தத் துடக்கு முடியும்வரை அவளும் இறைச்சி தொடவில்லை. இறைச்சி இல்லாத சாப்பாட்டைச் சாப்பாடு என்றே சொல்லாதவள். "நீ ஏன்?" என்று கேட்டால், "ஒரே ரூம்தானே" என்றாள்.

இன்றைக்கு மண்டூர்க் கோயில் தீர்த்தத் திருவிழா. காலையில் மெசேஜைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அம்மா சேலை உடுத்தி வெளிக்கிட்டு நிற்கிறார். குருமண்வெளித் துறையில் பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்து போகவேண்டும். பிந்தினால் அந்தப் படகில் நிற்கவும் இடம் இருக்காது.

விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ பாவம்... சின்னப் பிள்ளையெல்லா" என்றார். பிறகு, "சரி, முகத்தக் கழுவிட்டு வெளிக்கிடு" என்றார்.

"நான் வரல்லம்மா. எனக்குத் துடக்கு."

"உனக்கென்ன விசரா மகள்? அவ என்ன குடி, நமக்கு என்ன முறை? கூட்டாளிக்கெல்லாம் ஆரும் துடக்குக் காப்பாங்களா?"

அம்மா கேட்டது நியாயம்தான். எங்கள் பக்கத்தில் துடக்கு என்றால் தாய்வழிக் குடியைப் பார்ப்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லையே... இந்த ஊரில் இன்னும் ஒரேயொரு ஆளாவது இதை ஒரு சாவு என்று எடுக்கவேண்டும். அவ்வளவுதான்.

"உங்கட தம்பிக்கு அவ காத்தாளேம்மா! மாசம் முழுக்க இறைச்சி தொடாமக் கிடந்தாள். அப்ப அவ என்ன குடி?" என்று கத்திவிட்டேன்.

அம்மாவுக்கு இது தெரியாது. நான் சொன்னதே இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மலர் அக்கா வந்தார். கையில் அர்ச்சனைத் தட்டு, மற்றக் கையால் எங்கள் கேற்றைத் திறக்கப் போகிறார். "வாங்களன் அக்கா, நேரம் போகுது. மறுகா பாதையில இடம் கிடைக்கா."

அம்மா வாசலில் நின்றபடியே சொன்னார். "நீ போய் வா மலர். எங்கட வீட்டில துடக்கு."

"ஐயோ... ஆரு அக்கா?"

"மகளோட ஒண்டா இருந்த பிள்ளை. தூரத்தில."

மலர் அக்கா குடி, முறை ஒன்றும் கேட்கவில்லை. கேற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, இரண்டடி பின்னால் போய் ரோட்டில் நின்றார். கோயிலுக்குப் போகிறவர்கள் துடக்கு வீட்டில் தொடமாட்டார்கள்.

காலையிலிருந்து வராத அழுகை எனக்கு அப்போதுதான் வந்தது.

போய் வா ஓயுனா... உனக்குத் துடக்குக் காக்க இங்கே இரண்டு பேர் இருக்கிறோம்.