வலைக்குக் கிளம்பாத படகு

கன்னிவாடி மலைக்கு அடியில் இருக்கிற அணையில் மச்சான் மீன் பிடிக்கிறார். மச்சான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். முன்பு பரிசல் வைத்திருந்தார். வலது தோள் துடுப்போடு கோபித்துக்கொண்டு மேலே எழ மறுத்த பிறகு, சின்ன ஃபைபர் படகு, அதன் வாலில் ஒரு பேட்டரி மோட்டார். சத்தமே இல்லாமல் போகும். நாரைகூடத் திரும்பிப் பார்க்காது. அந்த மோட்டார் ஓடவில்லையென்றால் அவருக்குத் தண்ணீர் இல்லை, கரைதான்.

போன ஆயுத பூஜைக்கு அங்கே போயிருந்தேன். மத்தியானம் வலையை விரித்துவிட்டு, பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கி வந்தார் மச்சான். சார்ஜ் ஏறியதும் அரிவாள்மனை, தராசு, மிக்சி வரிசையில் அதையும் சாமி படத்துக்கு முன்னால் உட்கார வைத்தாள் அக்கா. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் வாங்கிப்போன செவ்வந்தி. அப்புறம் பொரி, சுண்டல்.

விடிந்ததும் பேட்டரியைப் படகில் மாட்டி, மச்சான் பிடியைத் திருகினார். மோட்டார் முனகிவிட்டு அடங்கியது. மறுபடி திருகினார். மறுபடி முனகல்.

“லைட்டு எரியுதே மாப்ள. அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு. மோட்டார்தான் போச்சு.”

படகின் மூக்கில் சின்ன எல்.இ.டி. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நம்பித்தான் கெட்டோம். காற்றாடியில் பாசி சுற்றியிருக்கிறதா, ஃபியூஸ் போயிருக்கிறதா, ஒயரை எலி கடித்திருக்கிறதா என்று மோட்டார் பக்கமே நோண்டினோம். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெயில் மட்டும் ஏறிக்கொண்டே வந்தது. நடுத்தண்ணீரில் வலையின் மிதப்புகள் அசைந்தன. வலையிலேயே செத்துச் சூடேறிய மீனை யார் வாங்குவார்கள்? கரையில் தராசோடு அக்கா. அவளைச் சுற்றி, சேவுகம்பட்டியிலிருந்து பைக்கில் வந்து காத்திருக்கிறவர்கள்.

நான் துடுப்பைப் போட்டுப் பார்த்தேன். படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

“ஏலே, கோயில் பெரகாரமா சுத்துற? நேராப் போலே” என்றாள் அக்கா கரையிலிருந்து.

“மோட்டாரு வாங்குன பேகம்பூர் கடைக்கே தூக்கிட்டுப் போயிருவம்” என்றார் மச்சான். போய்த் திரும்பினால் மத்தியானம் தாண்டிவிடும். அது அவருக்கும் தெரியும். என்னைப் பார்க்காமல் வலையைப் பார்த்தே சொன்னார்.

“ஒரே ஒருக்கத் திருகுங்க மச்சான்.”

திருகினார். விளக்கு மங்கியது. விட்டார், பிரகாசமானது. அடடே. விளக்குக்கு ஒரு மடக்கு மின்சாரம் போதும், மோட்டாருக்குக் குடம் குடமாக வேண்டும். வழியில் எங்கோ அடைப்பு. பேட்டரியில் ஒயரைக் கவ்வியிருந்த கிளாம்பைத் தொட்டேன். சுட்டது. அப்போதுதான் அந்த வாசம் வந்தது. பாசி வாடைக்கும் மீன் கவுச்சிக்கும் நடுவே, யாரோ கர்ப்பகிரகக் கதவைத் திறந்துவிட்டாற்போல், சூடேறிய சந்தனம்.

கிளாம்பைக் கழற்றினேன். பேட்டரியின் இரண்டு குமிழிலும் அக்கா அள்ளி வைத்த பொட்டு, காய்ந்து பொருக்காகி இருந்தது. அதன் மேலேயே இறுக்கியிருக்கிறார் மனிதர்.

“தொடச்சிட்டு மாட்டக் கூடாதா மச்சான்?”

“சாமிக்கு வச்ச பொட்ட எப்பிடி அழிக்க? அதுவும் ஒங்க அக்கா வச்சது.”

படகில் கிடந்த கத்தியால் குமிழ் மினுங்கும்வரை சுரண்டினேன். தூளைத் தண்ணீரில் தட்டிவிடப் போனபோது மச்சான் உள்ளங்கையை நீட்டினார். அணைத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுக் குழைத்து, பேட்டரியின் பக்கவாட்டில், பிளாஸ்டிக் மேல் இட்டார்.

“இங்கன இருந்துட்டுப் போகட்டும்.”

பிடியைத் திருகினார். ஒன்றுமே நடக்காததுபோல் படகு நழுவியது.

கட்லாக்களில் பாதி வாய் பிளந்துவிட்டிருந்தன. ஜிலேபி மீன்கள் மட்டும் வலையோடு துள்ளின. கரை சேர்ந்ததும் அக்கா உயிருள்ளதைத் தராசுப் பக்கமும் செத்ததைக் கருவாட்டுக்கும் ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

“என்னதான் கோளாறு?”

“ஒண்ணுமில்ல. செத்த நேரம் மக்கர் பண்ணுச்சு” என்றார் மச்சான்.

அக்கா குனிந்து பேட்டரியைப் பார்த்தாள். மினுங்கும் குமிழையும், இடம் மாறிய பொட்டையும் பார்த்தாள்.

“ஒரு வார்த்த சொல்லியிருந்தீகன்னா நானே தொடச்சு விட்டுருப்பேன்ல.”

“அதான் சொல்லல” என்றார். சொல்லிவிட்டு, சாயங்காலம் விரிக்க வலையை உதற ஆரம்பித்தார்.