நம்பர் ராத்தங்காத கடை

குழாயைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணை அதன் வாயில் வைத்துப் பார்க்கிறார் பாவாத்தாள் அக்கா. அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிந்தால்தான் குழாய் தராசுக்குப் போகும். தெரியாவிட்டால், "ஏனுங்க சாமி, உங்க தோட்டத்து மண்ணு எனக்கெதுக்குங்க? ஊட்டுக்கே கொண்டு போயிக் கொட்டிக்குங்க" என்று மரியாதை குறையாமல் திருப்பி அனுப்பிவிடுவார். எடை கூட வேண்டும் என்று ஈர மண்ணை அடைத்து வருகிறவர்கள் உண்டுதான். அடைக்காமல் வருகிறவர்களே அதிகம். அதைச் சொன்னால் அக்கா நம்ப மாட்டார்.

போத்தனூர் போகிற ரோட்டில் இருக்கிறது அவருடைய பழைய இரும்புக் கடை. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கேட்டால், "எதுக்குங்க கேக்கறீங்க?" என்பார். நான் வீட்டு ஜன்னலுக்குக் கம்பி தேடிப் போய்ப் பழக்கமானவன். பத்திரிகைக்கு எழுதுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு டீ சொல்வதை நிறுத்திவிட்டார். எழுதுகிறவர்கள் எதையாவது மோப்பம் பிடிக்கத்தான் வருவார்களாம். வாஸ்தவம்தான், மறுக்க முடியவில்லை.

இந்தச் சந்தேகம் பிறவிக் குணமில்லை. கடைக்குள் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற கோபாலசாமி அண்ணன், அக்காவின் கணவர், ஒரு காலத்தில் ஊரையே நம்பியவர். யாரோ எவன் கிணற்றிலிருந்தோ கழற்றி வந்த பம்ப்செட் மோட்டாரை நல்ல சரக்கு என்று வாங்கிப்போட்டார். போலீஸ் வந்தது. அவர்கள் கையில் இருந்த நம்பரும் மோட்டாரில் அடித்திருந்த நம்பரும் ஒன்றாக இருந்தன. திருடியவன் அகப்படவில்லை, வாங்கியவர் அகப்பட்டார். ஸ்டேஷனிலிருந்து திரும்பியவருக்கு இன்று வரை வலது கால் ஊன்ற வராது.

அன்றைக்கு அக்கா போட்ட சட்டம் இது: நம்பர் அடித்த எதுவும் இந்தக் கடையில் ராத்தங்கக் கூடாது. சரக்கு வந்த அன்றே கிரைண்டரைப் பிடித்து நம்பரை ராவி எடுத்துவிடுவார். ஆட்களிடம் விடமாட்டார், தானே செய்வார். நம்பரை அழிப்பதுதான் பெரிய குற்றம் என்று ஒருமுறை எடுத்துச் சொன்னேன். "அடி வாங்குனது நீங்களா, எங்கூட்டுக்காரரா?" என்றார்.

இப்படிப்பட்டவர் கைக்குத்தான் அந்தக் காரின் அடிச்சட்டம் வந்து சேர்ந்தது. கடைக்காரர்கள் அதை சேஸ் என்பார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், வாய்க்காலுக்குப் பாலமாகக் கிடந்ததாம். மேலே பலகை போட்டுத் தேங்காய் வண்டியெல்லாம் அதன்மேல்தான் போய்வந்திருக்கிறது. தோப்புக்காரர் கான்கிரீட்டில் பாலம் கட்டியதும், இதைப் பழைய இரும்போடு சேர்த்து அள்ளிப் போட்டுவிட்டார். அக்காவும் சேறு காய்ந்த அந்த இரும்பை மதில் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு மறந்துவிட்டார்.

மறக்கவிடாமல் செய்தவர் அவிநாசிக்காரர் தம்பிதுரை. மில் வைத்திருக்கிறவர், பழைய கார் என்றால் உயிர். எப்படியோ கேள்விப்பட்டு மாருதி வேனில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டையோடு மண்ணில் மண்டியிட்டு, சட்டத்தின் முனையில் அப்பியிருந்த சேற்றைக் கைக்குட்டையால் தேய்த்தார். உள்ளிருந்து ஒரு நம்பர் வெளியே வந்தது. மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

எதையும் அவர் மறைக்கவில்லை. அந்தக் காலத்துச் சீமைக் கார், இந்தப் பக்கத்துக்கு வந்ததே ஒன்றோ இரண்டோ. அதன் மேல்கூடு என் வீட்டு ஷெட்டில் இருக்கிறது, அதிலும் இதே நம்பர்தான் அடித்திருக்கிறது, அடிச்சட்டத்தைத்தான் இத்தனை வருஷமாகத் தேடுகிறேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"ஏனுங்கக்கா, நீங்க கேக்கறதைத் தாரேனுங்க. வெள்ளிக்கிழமை லாரியோட வாரேன். அதுவரைக்கும் அந்த நம்பர்ல மட்டும் கை வெச்சுப்போடாதீங்க."

வேன் மறைந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார். வாங்க வந்தவனே சரக்கை உசத்திப் பேசினால் அவன் எப்படிப்பட்டவன்? கேட்டதைத் தருகிறேன் என்று யார் சொல்வார்கள்? இரும்பை விட்டுவிட்டு நம்பரைப் பார்த்து எதற்கு அழ வேண்டும்? ஒன்று, அது திருட்டுக் காராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இவன் மஃப்டி போலீஸ். நல்ல மனுஷன் என்று நான் சொன்னேன். அதற்கப்புறம் என்னையும் ஒரு மாதிரியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

ஆனால் சும்மா தட்டிக்கழிக்கவும் முடியவில்லை. தெரிந்தே ஒரு நம்பர் அந்தக் கடையில் ராத்தங்கியது அதுவே முதல் தடவை. கடை இருக்கிற இடம் வாடகை இடம். இடத்துக்காரர் கல்யாண மண்டபம் கட்டப்போகிறார், தைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். கால் ஊன்றாத மனுஷனையும் இத்தனை இரும்பையும் இழுத்துக்கொண்டு எங்கே போவது? சேஸ் நல்ல விலைக்குப் போனால் சொந்தமாக ஒரு மனை வாங்கிவிடலாம். வில்லங்கம் வந்தால் மறுபடியும் ஸ்டேஷன். உருக்கிற பட்டறைக்குத் தள்ளிவிடலாமா என்று ஒரு நாள் நினைப்பார், டிரெய்லர் செய்கிறவனுக்கு அறுத்துக் கொடுத்துவிடலாமா என்று மறுநாள் நினைப்பார். அண்ணனைக் கேட்டால், "உனக்குத் தோணறபடி செய் அம்மணி" என்பதற்கு மேல் பேசமாட்டார்.

கடைசியில் மாரியம்மன் கோயிலில் பூக் கேட்கப் போனார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் அப்படித்தான். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் உத்தரவு. அக்கா பொட்டலத்தைத் தானே கட்டினார். எடுப்பது பூசாரியாக இருக்கக் கூடாது என்றார். சாமி கும்பிட வந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தது. இன்னொரு தரம் எடுக்கச் சொன்னார். அப்போதும் வெள்ளைதான்.

திரும்பி வந்த அக்கா முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு தெளிவு. "அம்மனே சொல்லிப்போட்டா. குடுத்தர்லாமுங்க" என்றார். எனக்குக்கூட டீ சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான், அதை எதற்கு மறைக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்தது. தம்பிதுரை பழத் தட்டோடு இறங்கி, அண்ணனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராகச் சட்டத்திடம் போனார். சேறெல்லாம் கழுவிச் சுத்தமாக நின்றது. முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓரிடம் மட்டும் புதுத் தகரம் போலப் பளபளத்தது. குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இங்க நம்பர் இருந்துச்சுங்களேக்கா?"

"ராவிப்போட்டேனுங்க" என்றார் அக்கா, கொஞ்சம் பெருமையாகவே. "சரக்கைக் குடுக்கறதுன்னு ஆயிருச்சு. நாளைக்கு ஒருத்தன் நம்பரைத் தூக்கிக்கிட்டு எங்கூட்டு வாசலுக்கு வரக்கூடாது பாருங்க."

தம்பிதுரை கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"ஷெட்டுல கிடக்கற மேல்கூடு இதனோடதுதான்னு சொல்றதுக்கு அது ஒண்ணுதானுங்கக்கா இருந்துச்சு. அது இல்லீன்னா இது வெறும் இரும்புங்க."

பழத் தட்டை அண்ணன் கட்டிலில் வைத்தார். லாரி காலியாகவே திரும்பியது.

"நடிக்கறாருங்க" என்றார் அக்கா என்னிடம். "வெலையக் கொறைக்கறதுக்கு. அந்த முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வருவாரு பாருங்க." இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். பொள்ளாச்சி பஸ் ஒன்று போனது, பிறகு இன்னொன்று. குழாய் கொண்டுவந்த ஒருவரை, குழாயைக்கூடப் பார்க்காமல், அப்புறம் வரச் சொல்லிவிட்டார்.

வெயில் ஏறிய பிறகு மண்ணெண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டு சட்டத்திடம் போனார். முந்தானையை நனைத்துப் பளபளத்த இடத்தைத் தேய்த்தார், நம்பரின் கோடு ஏதாவது தெரிகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார், மறுபடியும் தேய்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒற்றை விரலால் அந்த இடத்தை மெல்ல மெல்லத் தடவிக்கொண்டே இருந்தார்.